சாவா மூவா அரியணை: தாவீதுக்குக் கொடுத்த வாக்குக்குச் சொல்லப்பட்ட விடைகள்

எருசலேம் கி.மு. 586-ல் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. 587 என்று கணக்கிடுவோரும் உண்டு. மதில் இடிந்தது, கோயில் எரிந்தது. கடைசி அரசன் சிதேக்கியாவின் கண்முன்னே அவன் பிள்ளைகளை வெட்டிவிட்டு, பிறகு அவன் கண்களைப் பிடுங்கினார்கள். தாவீதின் வழியில் ஏறத்தாழ 400 ஆண்டுகள் நடந்த ஆட்சி அன்றோடு முடிந்தது. ஆனால் அந்த வம்சத்தின் அரியணை என்றென்றும் நிலைக்கும் என்று கடவுளே வாக்குக் கொடுத்திருந்ததாக அதே மக்களின் மறைநூல் சொல்கிறது. வாக்குக் கொடுத்தவர் தவறிவிட்டாரா? பெற்றவர்கள் தங்கள் குற்றத்தால் அதை இழந்தார்களா? வாக்கின் பொருளையே அதுவரை எல்லோரும் பிழையாக விளங்கிக்கொண்டிருந்தார்களா? கேள்விக்கு வயது 2,500 ஆண்டுகளுக்கு மேல். யூதர், கிறித்தவர், எச்சமயமும் சாராத வரலாற்றாய்வாளர் என்று பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள்.

அந்த விடைகளைத் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் பார்க்கத் தக்க காரணம் இருக்கிறது. காவிரியின் தென்கரையில், கோட்டைக்குள் தெப்பக்குளத்துக்கு அருகே, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் 1766-ல் எழுப்பிய கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. தாவீதின் சங்கீதங்கள் தமிழில் ஓதப்படுவதற்கு இந்த ஊரில் இரண்டரை நூற்றாண்டுப் பழக்கம் உண்டு. ஆற்றுக்கு அப்பால் தீவில் இருப்பது, தெய்வம் தான் தேர்ந்த ஓர் அரசனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதையே தலபுராணமாகக் கொண்ட கோயில். அதன் சுவர்களில் ‘என்றென்றும்’ என்ற சொல்லைச் சட்டமாக்கிய நூற்றுக்கணக்கான சாசனங்கள் இருக்கின்றன. மேலை ஆய்வுலகம் இந்தக் கேள்வியை ‘நிபந்தனை உண்டா, இல்லையா’ என்ற ஒரே கோட்டில் வைத்து விவாதித்து வந்திருக்கிறது. ‘என்றென்றும்’ என்பதை எது சுமக்கிறது என்ற இன்னொரு கேள்வியை இந்த இரு கரைகளின் சான்றுகள் எழுப்புகின்றன. அது முதற்கேள்வியைவிடப் பயன் தரும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கேள்வி பிறந்த பாடல்

வாக்கின் மூல வடிவம் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது கடவுளுக்கு ஒரு வீடு கட்ட விரும்புகிறான். நாத்தான் இறைவாக்கினர் வழியாக வரும் மறுமொழி அந்த விருப்பத்தைத் திருப்பிப் போடுகிறது: வீடு கட்டப்போவது தாவீது இல்லை, கடவுளே தாவீதுக்கு ஒரு வீட்டைக் கட்டுவார். ‘வீடு’ இங்கே குலம். வாரிசு தவறு செய்தால் தகப்பன் மகனை அடிப்பதுபோல் அடிப்பு உண்டு. ஆனால் சவுலிடமிருந்து விலக்கிய அன்பு இவனிடமிருந்து விலகாது. இதே செய்தியை விரித்துப் பாடுவது சங்கீதம் 89. கத்தோலிக்கர் அதைத் திருப்பாடல் என்பர். அதன் முற்பகுதி சூரியனும் சந்திரனும் சாட்சியாக வாக்கை உறுதிப்படுத்துகிறது. 38-ஆம் வசனத்தில் பாட்டு சட்டென்று உடைகிறது. உடன்படிக்கையைக் கடவுளே வெறுத்து, முடியைத் தரையில் தள்ளிவிட்டதாகப் பாடகர் முறையிடுகிறார்.

இந்தப் பாட்டின் கட்டுமானத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘ஹெசெத்’ என்ற எபிரேயச் சொல் இதில் 7 முறை வருகிறது. ‘எமூனா’ என்ற சொல்லும் 7 முறை. இரண்டும் முதல் வசனத்தில் கைகோத்துத் தொடங்கி, 49-ஆம் வசனத்தில் கடைசியாகச் சேர்கின்றன. தொடக்கத்தில் அவை புகழ்ச்சியின் சொற்கள். முடிவில் அதே சொற்களைக் கொண்டே, முன்னாளைய அன்பு எங்கே போயிற்று என்று பாடகர் கடவுளைக் கேட்கிறார். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வந்த மொழிபெயர்ப்பு இவற்றைக் ‘கிருபை’ என்றும் ‘உண்மை’ என்றும் சொல்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியம் ‘பேரன்பு’ என்றும், சில இடங்களில் ‘வாக்குப் பிறழாமை’ என்றும் சொல்கிறது. ‘கிருபை’ மேலிருந்து கீழே இறங்குவது. கொடுக்காவிட்டால் யாரும் கேட்க முடியாது. ‘வாக்குப் பிறழாமை’ கொடுத்தவரைக் கட்டுவது, பிறழ்ந்தால் கேட்கலாம். சங்கீதம் 89 கேட்கிறது. அந்த அளவில் பிந்தைய மொழிபெயர்ப்பு பாட்டின் துணிவுக்கு நெருக்கமாக நிற்கிறது என்று கருதலாம்.

கொடை என்ற விடை

கடந்த நூற்றாண்டில் பெரும் செல்வாக்குப் பெற்ற விடை மோஷே வைன்ஃபெல்ட் 1970-ல் முன்வைத்தது. பழங்கால மேற்காசியாவில் இரண்டு வகை ஆவணங்கள் இருந்தன என்றார் அவர். பேரரசன் சிற்றரசனோடு செய்யும் ஒப்பந்தம் ஒன்று. அது கீழே இருப்பவனைக் கட்டும். அரசன் தன் விசுவாசமுள்ள ஊழியனுக்கு நிலமோ பதவியோ வழங்கும் கொடை மற்றொன்று. அது கொடுத்தவனையே கட்டும். சீனாய் மலை உடன்படிக்கை முதல் வகை, தாவீதுக்குக் கிடைத்தது இரண்டாம் வகை என்பது அவர் முடிவு. மகன் தவறினால் தண்டனை உண்டு, கொடை பறிபோகாது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது அந்நியமான செய்தி இல்லை. ஸ்ரீரங்கம் கோயிலில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. சோழர் காலக் கொடைச் சாசனங்களில் ‘சந்திராதித்தவற்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். திங்களும் ஞாயிறும் உள்ளவரை என்று பொருள். சங்கீதம் 89 அரியணைக்குச் சாட்சியாக நிறுத்தும் அதே இரு சுடர்கள். காவிரிக் கரையில் நின்று அந்தச் சங்கீதத்தைப் படிப்பவர், அதில் சாசன நடை ஒலிப்பதை உடனே உணர்வார். அந்த உணர்வு வைன்ஃபெல்டுக்கு ஆதரவான சான்று.

ஆனால் இந்த விடையின் ஓட்டைகளும் பெரியவை. கேரி நாப்பர்ஸ் 1996-ல் அந்தக் கொடை ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்து, அவற்றிலும் நிபந்தனைகள் மலிந்திருந்தன, தாவீது வாக்கோடு அவற்றின் ஒப்புமை எண்ணியதைவிடத் தளர்வானது என்று காட்டினார். அதைவிடக் கடினமான தடை மறைநூலுக்குள்ளேயே இருக்கிறது. ஏலியின் குருத்துவக் குடும்பத்துக்கும் ‘என்றென்றும்’ என்ற வாக்குக் கிடைத்திருந்தது. 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரத்தில் கடவுள் அதை நினைவுகூர்ந்து, இனி அது இல்லை என்கிறார். சவுலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசனே. கீழ்ப்படிந்திருந்தால் அவன் அரசும் என்றென்றும் நிலைத்திருக்கும் என்று 13-ஆம் அதிகாரத்தில் சாமுவேல் சொல்கிறார். எனவே ‘என்றென்றும்’ என்ற சொல் இருப்பதாலேயே வாக்கு நிபந்தனையற்றது என்று வாதிக்க முடியாது. சவுலுக்கு நேர்ந்தது தாவீதின் குலத்துக்கு நேராது என்று 2 சாமுவேல் 7 சொல்வது, ஒரு முறை கைவிட்டதை ஒப்புக்கொண்டே செய்யும் உறுதிமொழி. அந்த வாக்கின் கனமும் அதன் ஆபத்தும் அங்கேதான் இருக்கின்றன.

நிபந்தனை என்ற விடை

மறுபக்க விடைக்கு 1 இராஜாக்கள் நூலே ஆதாரம். மரணப் படுக்கையில் தாவீது சாலொமோனுக்குச் சொல்வது, கோயில் பிரதிஷ்டையில் சாலொமோன் வேண்டுவது, அதன் பிறகு அவனுக்கு வரும் தரிசனம் ஆகிய மூன்று இடங்களிலும், பிள்ளைகள் நேர்வழியில் நடந்தால் அரியணை நீடிக்கும் என்று ஒரு ‘ஆல்’ நுழைந்துவிடுகிறது. சங்கீதம் 132-லும் அது உண்டு. உபாகமம் முதல் இராஜாக்கள் வரையிலான நூல்களை ஒரே வரலாற்றுப் படைப்பாகக் கண்ட மார்ட்டின் நோத், 1943-ல், அதன் ஆசிரியர் வீழ்ச்சிக்குப் பிறகு எழுதியவர், எல்லாம் முடிந்தது என்று சொல்லவே எழுதினார் என்று வாதிட்டார். ஃபிராங்க் மூர் கிராஸ் 1973-ல் இதைத் திருத்தினார்: யோசியா அரசன் காலத்தில் (கி.மு. 640–609) நம்பிக்கையோடு எழுதிய முதற்பதிப்பில் வாக்கு நிபந்தனையின்றி இருந்தது, வீழ்ச்சிக்குப் பிந்தைய இரண்டாம் பதிப்பு நிபந்தனைகளைச் செருகியது.

கிராஸின் விளக்கம் அழகாகப் பொருந்துவதே அதன் மீதான ஐயத்துக்கும் காரணம். முரண்படும் வசனங்களை இரண்டு கைகளுக்குப் பங்கிட்டால் எந்த முரணும் தீர்ந்துவிடும். ஆனால் கடைசிக் கை ஏன் முரணை அப்படியே விட்டுவைத்தது என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நூலின் முடிவையே பாருங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யோயாக்கீன் அரசன் 37-ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டு, அந்நிய மன்னனின் பந்தியில் உண்கிறான். நோத்துக்கு அது வெறும் கடைசிச் செய்தி. கெர்ஹார்ட் ஃபான் ராடுக்கு அது வாக்கு இன்னும் மூச்சு விடுகிறது என்பதன் அடையாளம். யோயாக்கீனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் எண்ணெய்ப் படி அளந்ததைக் குறிக்கும் பாபிலோனியக் களிமண் ஏடுகள் 1939-ல் வெளியானபோது, அரசன் உயிரோடிருந்தான் என்பது உறுதிப்பட்டது. வாக்கு உயிரோடிருந்ததா என்பதை எண்ணெய்க் கணக்கு சொல்லாது.

விளக்கும் ஆடுகளும்

இராஜாக்கள் நூலில் நிபந்தனை வசனங்களுக்கு நடுவே ஓர் உருவகம் மூன்று முறை வருகிறது: எருசலேமில் தாவீதுக்கு எந்நாளும் ஒரு விளக்கு இருக்கும்படி, தீய அரசர்கள் ஆண்டபோதும் கடவுள் குலத்தை அழிக்கவில்லை. அந்த எபிரேயச் சொல்லுக்கு ‘ஆளுகை’ என்று பொருள் கொள்வோரும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்புகள் விளக்கு என்றே வைத்திருக்கின்றன. அந்தத் தமிழ்ச் சொல் நம்மை நேராகக் கோயில் சுவருக்கு அழைத்துப்போகிறது.

நந்தா விளக்குக் கொடை சோழர் கால வழக்கம். ஒரு விளக்கு அணையாமல் எரிய, பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடையாளர் விட்டுவைப்பார். அவற்றை ஏற்கும் இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குச் சாசனம் தரும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஒவ்வோர் ஆடும் மூப்படையும், சாகும். ஆனால் செத்ததன் இடத்தில் குட்டி வந்து நிற்பதால் மந்தைக்கு மூப்பில்லை, சாவில்லை. எண்ணிக்கை 96-லேயே நிற்கும். இது தமிழர் கண்ட சட்டக் கற்பனைகளில் மிக நுட்பமான ஒன்று. சாகும் உயிர்களைக் கொண்டு சாவாத ஒன்றை உண்டாக்கும் வழி அது. நெய் குறைந்தால் கேள்வி உண்டு. சில சாசனங்கள் தண்டமும் விதிக்கின்றன. ஆனால் தண்டம் நெய் அளக்கத் தவறியவருக்கு. விளக்கு எரிய வேண்டும் என்ற கொடை அதனால் செத்துப்போவதில்லை.

ஒரு வம்சம் இதே கற்பனையால்தான் ‘என்றென்றும்’ ஆகிறது. தாவீது சாவான் என்பதை நாத்தானின் வாக்கே சொல்லிவிடுகிறது. அவன் தன் பிதாக்களோடு உறங்கிய பின் எழும் வாரிசைப் பற்றித்தான் அது பேசுகிறது. ஆக அந்த அரியணை சாவா மூவா மந்தை. அப்படிப் பார்க்கும்போது கொடையும் நிபந்தனையும் மோதிக்கொள்ளத் தேவையில்லை. வாக்கு விளக்கைப் பற்றியது. ‘ஆல்’ நெய் அளப்பவரைப் பற்றியது. 2 சாமுவேல் 7 இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதும், பின்னால் வந்த நாளாகமம் அதே வாக்கைத் திருப்பிச் சொல்லும்போது தண்டனை வாக்கியத்தை விட்டுவிட்டு, ‘உன் வீடு, உன் அரசு’ என்பதை ‘என் வீடு, என் அரசு’ என்று கடவுளுடையதாக மாற்றுவதும் இந்த வேறுபாட்டைத் தொட்டே நிகழ்ந்தவை எனலாம்.

எதிர்வாதம் எளிது, வலியதும்கூட. மந்தை முழுவதும் அழிந்தால்? சந்திராதித்தவற் என்று வெட்டிய கொடைகளில் இன்று எரியும் விளக்குகள் எத்தனை? தஞ்சையை நினைத்துக்கொள்ளலாம். மன்னர் துளஜாஜி 1787-ல் சரபோஜியைத் தத்தெடுத்து, சாகும் தறுவாயில் சுவார்ட்ஸின் கண்காணிப்பை நாடினார். தத்து செல்லாது என்று சாத்திரங்காட்டி அமர்சிங் அரியணையில் இருத்தப்பட்டார். சுவார்ட்ஸ் விடாமல் எடுத்துரைத்தார். 1798-ல், சுவார்ட்ஸ் இறந்த அதே ஆண்டில், சரபோஜி முடிசூடினார். 1799 உடன்படிக்கை ஆட்சியைக் கும்பினியிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பட்டத்தை விட்டுவைத்தது. 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண்வாரிசின்றி இறந்தபோது பட்டமும் போயிற்று. ஒரு குட்டி இல்லாததால் மந்தை முடிந்தது. எருசலேமில் 586-ல் நடந்ததும் அதுவே என்றால், சாவா மூவா என்பது எவ்வளவு நுட்பமான கற்பனையானாலும் கற்பனைதான்.

அரசியல் என்ற விடை

இந்த இடத்தில் வரலாற்றாய்வாளர் ஒருசாரார் குறுக்கிடுவர். கடவுள் அரசனுக்கு வாக்குக் கொடுத்தார் என்ற கதையை யார் சொன்னது? அரண்மனை. ஒரு வம்சம் தன் ஆட்சியை நியாயப்படுத்த உண்டாக்கிய செய்தி அது. இதில் இறையியல் தேடுவது வீண் என்பர். தாவீது என்பவர் இருந்தாரா என்பதே 1990-களில் கடும் விவாதமாயிற்று. 1993-ல் வட இஸ்ரயேலின் தேல் தானில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு, ‘தாவீதின் வீடு’ என்று பெரும்பாலோர் வாசிக்கும் தொடரைக் கொண்டிருந்ததால், கி.மு. 9-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயரில் ஓர் அரச குலம் அறியப்பட்டிருந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்டது. அரசர்கள் தெய்வத்தைச் சாட்சிக்கு அழைப்பதில் எவ்வளவு உண்மை இருக்கும் என்று திருச்சிராப்பள்ளிக்குத் தெரியும். 1730-களில் நாயக்க அரசி மீனாட்சிக்குச் சந்தா சாகிபு செய்துகொடுத்த சத்தியமும், அது மீறப்பட்டதும் ஊர் மறக்காத வரலாறு.

அரசியல் விளக்கத்தில் உண்மை இல்லாமலில்லை. வாக்கின் பிறப்பை அது விளக்கக்கூடும். அது எப்படிப் பிழைத்தது என்பதை விளக்க முடியாது. அரண்மனை விழுந்த பிறகு அரண்மனைப் பாட்டுக்கு என்ன வேலை? தோற்ற வம்சத்தின் விளம்பரத்தை யாரும் பாதுகாப்பதில்லை. ஆனால் இங்கே அதைப் பாதுகாத்ததோடு, வாக்கு பொய்த்துவிட்டது என்ற குற்றச்சாட்டையும் அதே பாட்டில் சேர்த்து, வழிபாட்டுக்கென்றே வைத்திருக்கிறார்கள். விளம்பரம் தன் தோல்வியைத் தானே பாடாது.

தெற்கு நோக்கிய தெய்வம்

ஸ்ரீரங்கத்தின் தலபுராணம் இதே கேள்வியை வேறு வகையில் தீர்க்கிறது. இலங்கையைவிட்டு வந்து சரணடைந்த விபீஷணனுக்கு, போர் தொடங்கும் முன்பே, கடல் நீரால் இராமன் முடிசூட்டச் செய்கிறான். பட்டாபிஷேகம் முடிந்து திரும்பும்போது இக்ஷ்வாகு குலத்தார் வழிபட்ட ரங்க விமானத்தைப் பெற்றுச் செல்லும் விபீஷணன், காவிரிக் கரையில் அதை இறக்கி வைக்க, அது அங்கேயே நிலைத்துவிடுகிறது. சோழ மன்னன் தர்மவர்மன் வழிபட, விபீஷணன் கலங்குகிறான். தெற்கே உன் இலங்கையைப் பார்த்தபடியே கிடப்பேன் என்று பெருமாள் ஆற்றுகிறார். மேற்கே தலை, கிழக்கே திருவடி, முகம் தெற்கே. தேர்ந்த அரசனுக்குக் கொடுத்த வாக்கு இங்கே சுதைத் திருமேனியின் கிடக்கையாகவே ஆகியிருக்கிறது.

விபீஷணனை ஏற்கலாமா என்று நடந்த விவாதம் வைணவத்தில் சரணாகதிக் கோட்பாட்டின் அடித்தளம். சுக்ரீவன் தடுக்கிறான், அனுமன் பரிந்து பேசுகிறான், இராமன் குற்றமே இருந்தாலும் கைவிடேன் என்கிறான். ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த இருபெரும் ஆசாரியர்களான பிள்ளை லோகாசாரியரும் வேதாந்த தேசிகரும் அருளின் காரணம் பற்றி வேறுபட்ட நிலைகளை வகுத்தார்கள். பின்னாளில் தென்கலை, வடகலை என்று பிரிந்த மரபுகள் அவற்றைப் பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமைகளால் விளக்கின. முதலாமவர் மரபில் அருளுக்கு எந்தக் காரணமும் வெளியே இல்லை. தேசிகர் மரபிலும் பெருமாளின் கருணையே காரணம். ஆனால் உயிர் செய்யும் சரணாகதி அக்கருணை வெளிப்பட ஒரு ‘வியாஜம்’, ஒரு சாக்கு. ‘ஹேது’ வேறு, ‘வியாஜம்’ வேறு. தாவீது வாக்கைப் பற்றிய மேலை விவாதத்தில் கிடைக்காத நுணுக்கம் இது. அங்கே நிபந்தனை என்றாலே காரணம் என்று கொண்டார்கள். கீழ்ப்படிதல் வாக்குக்குக் காரணமாகாமலே, அதைத் துய்ப்பதற்கு வாயிலாக இருக்கலாம் என்று கொண்டால், சங்கீதம் 132-ம் 2 சாமுவேல் 7-ம் ஒரே நூலில் வாழ இடம் கிடைக்கிறது.

ஒரு மரபின் சொல்லால் இன்னொன்றை விளக்குவது முறையா என்று கேட்கலாம். ருடால்ஃப் ஓட்டோ 1930-ல் இந்திய அருள் நெறியையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டபோது, பூனை, குரங்கு வாதத்தைப் புராட்டஸ்டண்டு இறையியலின் அளவுகோலால் அளந்தார் என்ற குறை எழுந்தது. தமிழகத்தில் ஆயர் அ. ஜெ. அப்பாசாமி 1927-லேயே கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கினார்; இரண்டும் கலந்து தனித்தன்மை கரைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். தேசிகரைக் கத்தோலிக்க நூல்களோடு அருகருகே வைத்துப் படித்த ஃபிரான்சிஸ் குளூனி போன்றோர், ஒற்றுமையைவிட வேற்றுமையில் நிதானிக்கக் கற்றுத்தந்தார்கள். அந்த எச்சரிக்கை இங்கும் தேவை. சரணாகதி தனி உயிரின் மோட்சத்தைப் பற்றியது. தாவீதின் வாக்கு நிலமும் வரியும் படையும் கொண்ட ஓர் அரசைப் பற்றியது.

வேற்றுமைகளுள் மிகப் பயனுள்ளது வேறொன்று. விபீஷணன் சிரஞ்சீவி. அவன் சாவதில்லை, ஆகவே அவன் பிள்ளைகள் நல்லவர்களா என்ற கேள்வியே எழுவதில்லை. பெருமாள் எவனைப் பார்த்துக் கிடக்கிறாரோ அவனே இன்றும் ஆள்கிறான் என்பது புராணம். தாவீதுக்கு அந்த வாய்ப்பில்லை. அவன் சாவான், மகன் வருவான், மகன் தவறுவான். விவிலியத்தின் துயரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. ‘என்றென்றும்’ என்பதைச் சுமக்க இரண்டு கலங்கள் உண்டு: மாறி மாறி வரும் மந்தை, அல்லது சாவாத ஒருவன்.

வீழ்ச்சிக்குப் பிறகு

மந்தை அழிந்தபின் எழுந்த விடைகளை இந்த வேறுபாட்டோடு படித்தால் அவை தெளிவடைகின்றன. ஏசாயா 55-ஆம் அதிகாரம், தாவீதுக்கு உறுதி செய்த அன்பை இனி மக்கள் அனைவருக்கும் உடன்படிக்கையாக்குகிறது. கலம் பெரிதாயிற்று: அரசக் குடும்பத்தின் இடத்தில் ஒரு மக்களினம். சங்கீதத் தொகுப்பின் அமைப்பை 1985-ல் ஆராய்ந்த ஜெரால்டு வில்சன் இன்னொன்றைக் கண்டார். சங்கீதம் 89 மூன்றாம் புத்தகத்தின் கடைசியில் நிற்கிறது. அதற்குப் பதில்போல நான்காம் புத்தகம், கடவுளே அரசர் என்ற பாடல்களைத் திரட்டி வைக்கிறது. மனித அரசன் தேவையில்லை என்பது அதன் உட்கருத்து என்றார் அவர். ஆனால் தொகுப்பின் கடைசிப் பகுதியில் 132-ஆம் சங்கீதம் தாவீதின் விளக்கை மீண்டும் ஏற்றுகிறது. தொகுத்தவர்கள் அரசனை அடியோடு மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மூன்றாவது, வரப்போகும் ஓர் அரசனுக்கான காத்திருப்பு. பாபிலோனிலிருந்து மக்கள் திரும்பியபோது தாவீதின் வழிவந்த செருபாபேல் மீது இறைவாக்கினர் ஆகாய் வைத்த நம்பிக்கை பொய்த்தது. 1323 படையெடுப்பில் ஸ்ரீரங்கத்தைவிட்டு வெளியேறிய உற்சவ மூர்த்தி நம்பெருமாள் 1371-ல் திரும்பிவந்தார்: 48 ஆண்டுகள். எருசலேம் வீழ்ந்த 586-க்கும் திரும்பிச்செல்ல அனுமதி கிடைத்த 538-க்கும் இடையிலும் 48 ஆண்டுகளே. ஸ்ரீரங்கத்துக்குத் தெய்வம் திரும்பிற்று. எருசலேமுக்கு மக்கள் திரும்பினார்கள், கோயில் எழுந்தது, அரசன் வரவில்லை. எரேமியா 33-ஆம் அதிகாரத்தில் தாவீதின் வாக்கை மீண்டும் உறுதிசெய்யும் 14 முதல் 26 வரையிலான வசனங்கள் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இல்லை. நம்பிக்கை பின்னரும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது என்பதற்கு இது தடயமாகலாம்.

புதிய ஏற்பாடு சொல்வது நான்காவது விடை. லூக்கா முதல் அதிகாரத்தில், முடிவில்லாத அரசு மரியாளின் மகனுக்குரியது என்று தூதர் அறிவிக்கிறார். அப்போஸ்தலர் 13-ல் பவுல் பேசும்போது, ஏசாயாவின் அந்தத் தாவீது வாக்கை இயேசு சாவிலிருந்து எழுந்ததற்குச் சான்றாக எடுக்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தாத மேற்கோள் இது. ஏசாயா உயிர்ப்பைப் பேசவில்லை. கலம் பற்றிய கேள்வியோடு பார்த்தால் பவுலின் தர்க்கம் துலங்குகிறது. வாரிசு வழியில் சுமக்க முடியாத ‘என்றென்றும்’ இனிச் சாவாத ஒருவனிடம் வருகிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் 7-ஆம் அதிகாரமும் குருக்களைப் பற்றி இதையே வாதிக்கிறது: செத்துச் செத்து மாறியவர்கள் பலர், நிலைத்திருப்பவர் ஒருவர். மந்தையின் வழியிலிருந்து விபீஷணனின் வழிக்கு வாக்கு இடம் மாறுகிறது என்று ஸ்ரீரங்கத்துக்காரருக்குச் சொல்லலாம். ஆனால் இந்த அரசன் சாவைத் தப்பியவன் இல்லை, செத்துக் கடந்தவன். இவ்விடத்தில் ஒப்புமை நின்றுவிடுகிறது.

தமிழில் இந்த மாற்றத்தை ஆழமாக உணர்ந்தவர் வீரமாமுனிவர். திருச்சிராப்பள்ளிக்கு அருகே கொள்ளிட வடகரை ஏலாக்குறிச்சியோடு இணைத்துப் பேசப்படும் அவர், 1726-ல் முடித்த தேம்பாவணிக்குத் தாவீதின் குலத்தில் வந்த வளனை, அதாவது யோசேப்பை, நாயகனாக்கினார். 3,615 பாடல் கொண்ட காப்பியத்தின் தலைவன் ஒரு தச்சன். அரச குலம் தச்சுக் கூடத்தில் உயிரோடிருக்கிறது. காப்பியத் தலைவன் வேந்தனாக இருக்கவேண்டும் என்ற தமிழ் எதிர்பார்ப்பை அவர் குலத்தால் நிறைவேற்றி, தொழிலால் மீறினார். அரியணை இல்லாத காலத்தில் வாக்கு எங்கே இருந்தது என்ற கேள்விக்கு, இறையியலாளர் பலர் தராத பதிலை ஒரு காப்பியத் தேர்வே தந்திருக்கிறது.

கிறித்தவ விடைக்கும் தடைகள் உண்டு, அவற்றை மெல்லச் சொல்லி நகர்வது நேர்மையாகாது. எரேமியா 22-ல் யோயாக்கீனின் சந்ததியில் எவனும் அரியணையில் அமரான் என்ற சாபம் இருக்கிறது. மத்தேயுவின் வம்ச அட்டவணை அவன் வழியாகவே போகிறது. லூக்கா சாலொமோனை விட்டு, தாவீதின் இன்னொரு மகன் நாத்தான் வழியாகப் போகிறார். இரண்டையும் இசைவிக்க எழுந்த விளக்கங்கள் பழமையானவை. எதுவும் எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை. யூத மரபின் மறுப்பு இன்னும் அடிப்படையானது. எருசலேமில் அமராத, வரி வாங்காத, போர் நிறுத்தாத ஓர் அரசனை வாக்கின் நிறைவு என்றால், நிறைவு என்ற சொல்லுக்கு எல்லை எது? தாவீதின் தளிர் துளிர்க்க வேண்டும் என்று யூதர்கள் இன்றும் தம் அன்றாடச் செபத்தில் வேண்டுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை விளக்கு இன்னும் ஏற்றப்படவில்லை, வாக்கும் இரத்தாகவில்லை.

திறந்திருப்பவை

நிபந்தனை உண்டா, இல்லையா என்ற பழைய வழக்கில் இரு தரப்புக்கும் சான்று இருக்கிறது. நிபந்தனை கலத்தின் மேல் விழுகிறது, வாக்கின் மேல் விழவில்லை என்ற வாசிப்பு அந்தச் சான்றுகளில் பெரும்பகுதியை ஒன்றாகப் பிடிக்கிறது என்றே தோன்றுகிறது. ஆனால் ஏலி குடும்பத்தின் கதை அதற்குள் அடங்க மறுக்கிறது. ஒரு ‘என்றென்றும்’ இரத்தாகி இன்னொன்று இரத்தாகாததற்கு, கடவுள் அப்படி விரும்பினார் என்பதற்கு மேல் மறைநூல் காரணம் தருவதில்லை. கலம் மாறியபின்னும் அது அதே வாக்குதானா என்பதும் தீரவில்லை. அரசனுக்குக் கொடுத்ததை மக்களுக்கு மாற்றினால் அரசன் ஏமாந்தவனா, நிறைவு பெற்றவனா என்பதை வெளியிலிருந்து தீர்க்க எந்த அளவுகோலும் இல்லை.

வழிபாடு இந்தத் திறப்பை மூடிவிடப் பார்க்கிறது. கத்தோலிக்க வாசக நூலில், மூன்றாண்டுச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில், திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று நாத்தானின் வாக்கும் தூதரின் அறிவிப்பும் வாசிக்கப்படுகின்றன. நடுவே பதிலுரைப் பாடலாக வருவது 89-ஆம் திருப்பாடல். அதில் எடுக்கப்பட்டவை முற்பகுதி வசனங்கள் மட்டுமே; முறையீடு இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றில் அந்தத் தேர்வு விளங்கிக்கொள்ளக் கூடியதே. ஆனால் அந்தப் பாட்டு அப்படி முடியவில்லை. 51-ஆம் வசனத்தில், திருப்பொழிவு பெற்றவனின் காலடிகளைக்கூடப் பகைவர் பழிக்கிறார்கள் என்று சொல்லி, பதில் பெறாமல் நிற்கிறது. அடுத்த வரி கடவுளை வாழ்த்துகிறது. அந்த வாழ்த்து பாடகருடையதா, மூன்றாம் புத்தகத்தை மூடுவதற்குத் தொகுத்தவர் வைத்த முத்திரையா? பின்னதுதான் என்பது ஆய்வாளரின் பொதுக் கருத்து. அப்படியானால் கேள்விக்கும் துதிக்கும் நடுவே ஒரு தையல் இருக்கிறது. பதில் வராமலே ஒரு சமூகம் அந்தத் தையலைப் போட்டுத் தொடர்ந்து பாடியது எதனால் என்பதை, இதுவரை சொல்லப்பட்ட விடைகளில் எதுவும் முழுதாக விளக்கவில்லை.